ஒற்றைக் கண்ணுக்கு ஒரு கண்ணாடி

எங்கள் குடும்பத்தில் வாய் திறக்க முன்னரே கை ஓங்கிவிடும். கடலுக்குப் போய்வந்த அப்பா துடுப்பைக் கையில் எடுத்த பிறகுதான் நியாயம் கதைக்கத் தொடங்குவார். அந்தக் குணத்தில் அண்ணனுக்கு ஒரு பங்கும் எனக்கு ஒரு பங்கும் கிடைத்தது. என் பங்கு கொஞ்சம் கூட என்று ஊரில் சொல்வார்கள். என்னைக் கட்டினவன் ஒருநாள் எனக்குக் கை ஓங்கினான், நானும் ஓங்கினேன், அத்தோடு அந்தக் கலியாணம் முடிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடமராட்சிக் கரையில் அண்ணன் நடத்திய வெல்டிங் பட்டறைக்கு வந்து, கிரைண்டரைக் கையில் எடுத்தேன். இரும்புக் கேற்று, யன்னல் கம்பி, வள்ளத்து எஞ்சினுக்கு இருக்கை, உழவு இயந்திரப் பெட்டி என்று வருவதையெல்லாம் அவர் ஒட்டுவார், நான் தேய்ப்பேன். நேரே கதைக்கும்போது அவர் எனக்கு 'நீ'. அவரைப் பற்றி மற்றவர்களிடம் கதைக்கும்போது 'அவர்'. எங்கள் வீட்டு மரியாதை அவ்வளவுதான்.

நான் எழுத வந்தது அவருடைய கண்ணைப் பற்றி. கண்கள் என்று எழுத வழியில்லை, ஏனென்றால் வலது கண் முதலே போய்விட்டது. கிரைண்டரில் பூட்டியிருந்த வெட்டுத் தட்டு வேலையின் நடுவில் வெடித்தது. அன்று கிரைண்டர் அவர் கையில் இருந்தது. சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் யாரோ கன்னத்தைப் பொத்தி அறைந்ததுபோல அண்ணன் ஒரு பக்கம் சரிந்தார். பொத்திய விரல்களுக்கு இடையால் இரத்தம் முழங்கைவரை ஓடியது. "ஒண்டுமில்லையடி, தூசு" என்றார். அந்தத் தூசை எடுக்கப்போய், ஆஸ்பத்திரியில் கண்ணையும் சேர்த்தே எடுக்க வேண்டி வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த கண் டொக்டர் அம்மா அண்ணனோடு கதைக்கவில்லை, என்னோடு கதைத்தார். "இவருக்கு இனி ஒரு கண்தான். தொழிலை விடமாட்டன் எண்டு நிக்கிறார். அப்ப அந்தக் கண்ணுக்கு முன்னாலை என்ன கண்ணாடி இருக்குதெண்டு நீங்கள்தான் பாக்கவேணும்" என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு எங்கள் பட்டறையில் ஒரு போர் நடந்தது.

அண்ணன் தொழில் பழகியது போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில். சவர்க்காரமும் பற்றரியுமே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வராத காலம். வெல்டிங் கண்ணாடி எங்கிருந்து வரும்? மண்ணெண்ணெயில் இயங்கிய ஜெனறேற்றரை வைத்து ஒட்டினார்கள், பழைய எக்ஸ்ரே படங்களை வெட்டி அடுக்கி அதற்குள்ளால் பார்த்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு விழுந்த இடம் வெளிறிப்போய் இருக்கும், அதால் வெளிச்சம் பாய்ந்துவிடும். சுவாசப்பை இருக்கும் பக்கம்தான் நல்ல கறுப்பு. ஆகவே கை கால் முறிந்தவர்களின் படத்துக்கு மதிப்பில்லை, நெஞ்சுப் படத்துக்குத்தான் கிராக்கி. போர் முடிந்தது, பாதை திறந்தது, கடைகளில் எல்லாம் வந்து குவிந்தன. அண்ணன் மட்டும் தன் எக்ஸ்ரேயைக் கைவிடவில்லை. ஒரு கண் போன பிறகும் முகமறைப்பில் அதையே செருகிக்கொண்டு நின்றார்.

"தடைக்குள்ளை ஒட்டினவன் நான்" என்றார். "ஆற்றையோ நெஞ்சுக்குள்ளாலை பாத்து ஒட்டின கை இது. கண்டறியாத கண்ணாடி ஒண்டும் எனக்கு வேண்டாம்."

"அப்ப உனக்கு ரெண்டு கண் இருந்தது" என்றேன்.

கையில் இருந்த ஸ்பானரை எறிந்தார். அது என் காதைத் தாண்டித் தகரச் சுவரில் பட்டு, சுவரில் ஒரு பள்ளம் விழுந்தது. நான் போய், அலுமாரிக்கு மேல் அவர் சேர்த்து வைத்திருந்த படங்கள் எல்லாவற்றையும் அள்ளி முற்றத்தில் போட்டு நெருப்பு வைத்தேன். பிளாஸ்ரிக் எரிகிற நாற்றம் ஒழுங்கை முழுக்கப் போனது. அண்ணன் ஓடிவந்து என் பின்னலைப் பிடித்து இழுத்தார். நான் அவருடைய கையைக் கடித்தேன். நாற்பது தாண்டிய தங்கச்சியும் ஐம்பதைத் தொட்ட அண்ணனும் முற்றத்துப் புழுதியில் உருண்டோம் என்று எழுத எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அயலில் ஒருவரும் விலக்குப்பிடிக்க வரவில்லை. எங்கள் வீட்டில் விலக்குப்பிடிக்க வருபவருக்கும் சேர்த்துத்தான் விழும்.

அடுத்த நாளே யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன். பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு இரும்புக் கடை. வெல்டிங் கண்ணாடி என்று கேட்டதும், கடைக்காரர் சந்தையில் தொங்குகிற வகைக் கறுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதைத்தான் எல்லாரும் கொண்டுபோறவை."

"இதிலை நம்பர் எங்கை?"

"நம்பரோ? கறுப்பாத்தானே இருக்குது பிள்ளை. பேந்தென்ன நம்பர்?"

டொக்டர் அம்மா எனக்குச் சொல்லித்தந்தது இதைத்தான். கறுப்பாக இருப்பது வேறு, காப்பது வேறு. ஒட்டும்போது கண்ணை எரிப்பது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் மட்டுமில்லை. தெரியாத கதிரும் அதோடு வரும். வெறும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டால், இருட்டு என்று நினைத்துக் கண்மணி அகல விரியும். திறந்து கிடக்கும் படலையால் மாடு புகுவதுபோல அந்தக் கதிர் உள்ளே போகும். இதையெல்லாம் நான் கடைக்காரருக்கு நல்ல முறையில்தான் சொல்லத் தொடங்கினேன். "பொம்பிளையள் வந்து எனக்கு வெல்டிங் படிப்பிக்கினம்" என்று பக்கத்தில் நின்றவரைப் பார்த்து அவர் சிரித்தார். மேசையில் இருந்த கண்ணாடியை எடுத்து நிலத்தில் போட்டுச் செருப்பால் மிதித்தேன். அவர் கத்தினார். நான் அதற்கு மேலால் கத்தினேன். கடைசியில் மேல் தட்டில் ஏறி, தூசு பிடித்த ஒரு பெட்டியை இறக்கி, "உதுக்குள்ளை நம்பர் போட்டது கிடக்குது, எடுத்துக்கொண்டு போய்த் துலை" என்றார்.

கடும் பச்சை நிறத்தில், உள்ளங்கை அளவு நீள்சதுரத் துண்டுகள். ஒவ்வொன்றின் மூலையிலும் நம்பர் பொறித்திருந்தது. நம்பர் கூடக் கூட இருட்டும் கூடும். நான் யோசிக்கவில்லை. உள்ளதுக்குள் இருட்டானது எதுவோ அதுதான் அண்ணனின் கண்ணுக்கு என்று பதின்மூன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பதின்மூன்றை முகமறைப்பில் செருகிக்கொண்டு அண்ணன் ஒரு எஞ்சின் இருக்கையை ஒட்டினார். ஒட்டி முடித்து மறைப்பை எடுத்துப் பார்த்தார். உருகிய இரும்பு மூட்டில் விழவேயில்லை. மூட்டுக்கு ஒரு விரல் தள்ளி, கோழி எச்சம்போல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தது. நடுக்கடலில் அந்த இருக்கை கழன்றால் எஞ்சினோடு ஆளும் போகும்.

"என்னைக் குருடனாக்க வேற ஆரும் தேவையில்லை, நீயே காணும்" என்று சொல்லி, சுத்தியலால் பதின்மூன்றை ஒரே அடியில் தூளாக்கினார்.

அடுத்தது ஒன்பது. ஒன்பது அவருக்குப் பிடித்துக்கொண்டது. எல்லாம் தெரியுது, பகல் மாதிரித் தெரியுது என்று பாட்டுக்கூடப் படித்தார். எனக்கு அப்போதே சந்தேகம். ஒரு பின்னேரம், தடித்த ஒட்டுக்கம்பியில் பெரிய வேலை ஒன்றை முடித்துவிட்டு, கிணற்றடியில் நின்று வாளி வாளியாக முகத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நான் வருவதைக் கண்டு துவாயால் முகத்தை மூடினார். துவாயைப் பறித்தேன். அந்த ஒற்றைக் கண் செவ்வரத்தம் பூவாகச் சிவந்து, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபத்தில் அழுகையும் வந்தது.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்யப்போறியே?" என்று கேட்டு, ஈரத் துவாயால் அவருடைய முதுகில் விளாசினேன். அன்று அவர் திருப்பி அடிக்கவில்லை. தானும் பயந்துபோனார் என்று அதில் விளங்கியது. ஒன்பதை நானே கல்லில் போட்டு உடைத்தேன்.

பிறகு பத்தையும் பதினொன்றையும் ஒன்றாக வாங்கிவந்து மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தோம். அவர் ஒட்ட ஒட்ட, நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, "என்ன தெரியுது?" என்று கேட்பேன். பதினொன்றில், "நெருப்புத் தெரியுது. வேற ஒண்டும் தெரியேல்லை" என்றார். பத்தைப் போட்டுப் பாதிக் கம்பி எரியும்வரை ஒட்டினார். பிறகு, "நெருப்புத் தெரியுது. உருகிறது தெரியுது. கரையும் தெரியுது" என்றார். ஒட்டி முடித்த மூட்டில் மீன் செதில் அடுக்கினதுபோல வரிசையாக இரும்பு படிந்திருந்தது. அன்றிரவு கண் சிவக்கவும் இல்லை. அவருடைய கண்ணுக்கும் அவர் பாவிக்கும் கம்பிக்கும் பத்துத்தான் என்று முடிவானது. இவ்வளவு அடிபாட்டுக்குப் பிறகு ஒரு கண்ணாடித் துண்டைத் தெரிவு செய்த குடும்பம் இந்தக் குடாநாட்டில் வேறு இருக்காது.

ஆனால் பத்தோடும் ஒரு தொல்லை இருந்தது. நெருப்புப் பற்றும்வரைக்கும் அந்தக் கண்ணாடிக்குள் எல்லாம் கும்மிருட்டு. இரண்டு கண் உள்ளவர்கள் தூரத்தை மனதில் பிடித்துவைத்து, மறைப்பை இறக்கிவிட்டுக் கம்பியை உரசுவார்கள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. அதனால் அண்ணன் வெறுங்கண்ணால் பார்த்து உரசி, நெருப்புப் பற்றிய பிறகு மறைப்பை இறக்கினார். அந்த ஒரு மின்னல் ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குள் போனது. அதைத் தடுக்க நான் ஒரு வழி வைத்தேன். அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, கம்பியின் நுனியை மூட்டுக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்துவேன். அவர் மறைப்பை இறக்குவார். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் உரச முன்னர் "கண்" என்று சத்தமாகச் சொல்வது வழக்கம். நிற்பவர்கள் முகத்தைத் திருப்புவதற்காக. நான் "கண்" என்று கத்தி, கையை விட்டு, முகத்தைத் திருப்புவேன். அதற்குப் பிறகுதான் அவர் உரசுவார். நாள் முழுக்க வாய்ச் சண்டை நடந்தாலும் அந்த நேரத்தில் மட்டும் இருவரும் மூச்சு விடமாட்டோம்.

இப்படி நன்றாகத்தான் போனது. வாள்காரர் வரும்வரை.

மோட்டார் சைக்கிளில் வாளோடு திரிகிற பொடியள் கூட்டங்களைப் பற்றி யாழ்ப்பாணத்தில் தெரியாதவர்கள் இல்லை. ஒருநாள் மூன்று பேர் வந்தார்கள். உரப்பையில் சுற்றியிருந்த லொறி வில்லுத்தகடு ஒன்றை அண்ணனின் காலடியில் போட்டார்கள்.

"அண்ணை, இதை வெட்டி வாள் மாதிரி அடிச்சுத் தாங்கோ."

"என்னத்துக்கு?"

"தேங்காய் வெட்ட."

"தேங்காய் வெட்டக் கத்தி காணும். மண்வெட்டி வேணுமெண்டால் சொல்லுங்கோ, அடிச்சுத் தாறன். வாள் அடிக்கமாட்டன்" என்றார் அண்ணன்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அது வேறு யாரோ ஒருவராக இருந்திருக்கும். என் அண்ணன் அந்த வில்லுத்தகட்டைத் தூக்கி, ஒழுங்கையில் நின்ற அவர்களின் மோட்டார் சைக்கிள் மேல் எறிந்தார். முன் விளக்கு நொறுங்கியது. மூவரும் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். கத்திவிட்டுப் போயிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது.

"உவங்கள் திரும்பி வருவாங்கள்" என்றேன்.

"வரட்டுமன்" என்றார்.

வந்தார்கள். நல்ல வெய்யில் நேரம், ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் இல்லை. அண்ணன் மேசைக்கு முன்னால் நின்று பிடியில் புதுக் கம்பியைப் பூட்டிக்கொண்டிருந்தார். மணிக்கட்டைப் பிடிப்பதற்காக நான் கிரைண்டரை வைத்துவிட்டு நடந்துகொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் உள்ளேயே வந்து நின்றது. மூவரும் முகத்தை லேஞ்சியால் கட்டியிருந்தார்கள். மூக்கு, வாய், நாடி எல்லாம் துணிக்குள். கண் மட்டும் வெளியே. ஒருவன் சைக்கிளில் இருந்தான். ஒருவன் இரும்புப் பைப்பால், நாங்கள் செய்து சாத்தி வைத்திருந்த கேற்றுகளை அடித்து விழுத்தினான். மற்றவன் வாளோடு நேரே அண்ணனிடம் போனான்.

முதல் வெட்டுக்கு அண்ணன் இடது கையால் முகமறைப்பை எடுத்துக் குறுக்கே பிடித்தார். மறைப்பு இரண்டாகப் பிளந்தது. பத்து நிலத்தில் விழுந்து சில்லுச் சில்லாகப் போனது. இரண்டாவது வெட்டு அவருடைய கழுத்துக்கு வந்தது. அண்ணன் குனிந்தார். வாள் இரும்பு மேசையில் விழுந்து, மேசை விளிம்பில் இருந்த ஒரு வெடிப்பில் இறுகியது. அவன் இழுக்க இழுக்க அது அசையவில்லை.

எங்கள் வேலை முழுக்க அந்த மேசையில்தான். வெல்டிங் இயந்திரத்தின் எர்த் வயர் அந்த மேசையைக் கவ்விக்கொண்டிருந்தது, மேசையைத் தொடுகிற எந்த இரும்பில் கம்பி பட்டாலும் நெருப்புப் பற்றும். அண்ணனின் வலது கையில் கம்பி இருந்தது. "கண்" என்று அவர் சொல்லவில்லை. கம்பியை வாளில் வைத்தார்.

பட்டறை வெள்ளையாகிப் போனது. என் தலை தானாகத் திரும்பியது. பழக்கம்தான், புத்தி இல்லை. திரும்பின பக்கத்தில் பைப்போடு நின்றவன் இருந்தான். கையில் அகப்பட்ட இரும்பு அலவாங்கை இரண்டு கையாலும் தூக்கி அவனுடைய முன்னங்கையில் இறக்கினேன். முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவன் பைப்பைப் போட்டுவிட்டு நாய்க்குட்டி மாதிரிக் கத்திக்கொண்டு சைக்கிளுக்கு ஓடினான். அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அடியாத மாடு படியாது.

பிறகுதான் அண்ணனின் நினைவு வந்தது. தகரச் சுவரில் இரண்டு நிழல்கள் நீல வெளிச்சத்தில் துடித்துக்கொண்டிருந்தன. "கண்ணை மூடு அண்ணை" என்று கத்தினேன். திரும்பத் திரும்பக் கத்தினேன். அவர் மூடவில்லை. கண்ணை மூடினால் கம்பி எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாது. கம்பி விலகினால் வாள் கழன்றுவிடும். வாள் கழன்றால் அடுத்த வெட்டு அவருக்கோ எனக்கோ. அதனால் கண்ணாடி இல்லாத அந்த ஒற்றைக் கண்ணால் உருகுகிற இரும்பைப் பார்த்துப் பார்த்து, வாளை மேசையோடு ஒட்டினார். பைப்போடு நின்றவனை நான் துரத்திவிட்டுத் திரும்பும் வரைக்கும், அதற்குப் பிறகும் ஒட்டினார்.

வாள் வைத்திருந்தவன் பிடியை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. வாளைப் பறிகொடுத்தவனுக்கு அந்தக் கூட்டத்தில் பிறகு முகம் இல்லையாம். வாளின் கைப்பிடியில் சைக்கிள் ரியூப் சுற்றியிருந்தபடியால் மின்சாரமும் அவனை உதறவில்லை. நெருப்புக்கு மேல் குனிந்து நின்று, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். அந்த மோட்டு மானத்தை மட்டும் அவன் விட்டிருந்தால் அவனுக்கும் ஒன்றுமில்லை, அண்ணனுக்கும் ஒன்றுமில்லை. கம்பி எரிந்து முடிந்த பிறகுதான் கையை விட்டான். அவனும் ஏற, சைக்கிள் போய்விட்டது. வாள் மேசையில் குத்திட்டு நின்றது.

பொலிஸ் வந்து பார்த்தது. வாளை மேசையிலிருந்து நான்தான் கிரைண்டரால் அறுத்துக் கொடுத்தேன். "முகத்தைக் கண்டனீங்களோ?" என்று கேட்டார்கள். "துணி கட்டியிருந்தவங்கள். கண் மட்டும்தான் தெரிஞ்சது. பாத்தால் எல்லாக் கண்ணும் ஒண்டுதான்" என்றேன். எழுதிக்கொண்டு போனார்கள்.

வெல்டிங் வெளிச்சம் பட்ட உடனே நோகாது. பொழுது படட்டும் என்று காத்திருக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணன் முழங்காலில் விழுந்தார். கண்ணுக்குள் மணலைக் கொட்டி அம்மியில் அரைப்பதுபோல இருக்கிறது என்றார். வெட்டுத் தட்டு வெடித்த அன்று முனகாத மனிதர், நிலத்தில் நெற்றியை மோதி மோதி அழுதார். பக்கத்து வீட்டுப் பெண் தாய்ப்பால் விட்டால் குளிரும் என்று ஒரு சிரட்டையோடு வந்தாள். நல்ல மனதோடுதான் வந்தாள். நான் சிரட்டையைத் தட்டிவிட்டேன். அவருடைய இரண்டு கையையும் என் சேலையால் கட்டினேன், கசக்காமல் இருக்க. விடியும்வரை அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

கண் கிளினிக் விறாந்தையில் ஒரு நீள வாங்கு. அண்ணனின் கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டி அதில் இருத்தினார்கள். சற்று நேரத்தில் பக்கத்தில் ஒரு இளம் பொடியனைக் கொண்டுவந்து இருத்தினார்கள். அவனுக்கு இரண்டு கண்ணிலும் பஞ்சு. கூட வந்த தாய் என்னைக் கண்டதும் கதை தொடங்கினாள். பிள்ளை கோயில் கேற்று வேலைக்கு உதவிக்குப் போனவனாம், ஒட்டுகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றவனாம், இரவு முழுக்கக் கத்தினானாம். எனக்கு அவள்மேல் இரக்கம்தான் வந்தது. என் சோடாப் போத்தலைக் கூடக் கொடுத்தேன்.

பொடியன் முனகிக்கொண்டு கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனான். துணி உரசுகிற சத்தம் அண்ணனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"கசக்காதை தம்பி. கசக்கினால் இன்னும் கூடும்" என்றார்.

"அண்ணை, பார்வை திரும்பி வருமோ?"

"ஒட்டின வெளிச்சமே?"

"ஓம்."

"வரும். ரெண்டு மூண்டு நாள் எரிஞ்சு போட்டு விட்டிடும். பயப்பிடாதை. உனக்கு ரெண்டு கண்ணும் இருக்குதுதானே?"

"ஓம்."

"எனக்கு ஒண்டுதான் இருந்தது" என்றார் அண்ணன்.

அந்தப் பொடியனின் முனகல் நின்றுபோனது. உடம்பு மட்டும் வாங்கின் மறுகரைக்கு நகர்ந்தது.

நேர்ஸ் வந்து, மருந்து விடுவதற்காக அவனுடைய பஞ்சை எடுத்தார். அப்போதுதான் அவனுடைய முகத்தை முழுதாகக் கண்டேன். நெற்றியிலிருந்து மூக்குத் தண்டுவரை தோல் வெந்து சிவந்து கிடந்தது. மூக்கின் நடுவில், அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்ததுபோல அந்தச் சிவப்பு நின்றது. அதற்குக் கீழே கன்னமும் வாயும் நாடியும் ஒரு பழுதும் இல்லாமல் இருந்தன. கோயில் கேற்று ஒட்டுகிறதைப் பார்க்கப்போகிறவன் முகத்தில் லேஞ்சி கட்டிக்கொண்டு போவதில்லை.

நான் எழும்பி அவனை அறைந்தேன். வாழ்க்கையில் பல பேருக்கு அடித்திருக்கிறேன், அப்படி ஒரு அடி ஒருவருக்கும் அடித்ததில்லை. வெந்த தோலில்தான் அடித்தேன், தெரிந்துதான் அடித்தேன். தாய் குழறிக்கொண்டு என் மேல் பாய்ந்தாள். நேர்ஸ் என் கையைப் பிடித்தார். பொடியன் முகத்தைப் பொத்தவில்லை.

"விடுங்கோ அம்மா" என்றான் தாயிடம்.

"என்ன சத்தம்?" என்று அண்ணன் கேட்டார்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். பொடியன்தான் பதில் சொன்னான். "கதவு அடிச்சது அண்ணை."

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பொலிசிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தாய் அந்த வாங்கில் தனியே இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணனை வார்ட்டில் சேர்த்து வைத்தார்கள். எரிவு அடங்கிய பிறகு கட்டை அவிழ்த்து, டொக்டர் அம்மா கருவியால் கண்ணுக்குள் பார்த்தார். கன நேரம் பார்த்தார். பிறகு முன்னைப்போலவே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். மேலே பட்ட எரிவு ஆறிவிட்டது, அது எல்லாருக்கும் ஆறும். ஆனால் இவர் வெறுங்கண்ணால் நெருப்பையே உற்றுப் பார்த்திருக்கிறார், உள்ளே நடுப்பகுதி வெந்துவிட்டது. எதை நேரே பார்த்தாலும் அது தெரியாது, அதைச் சுற்றி உள்ளது மட்டும் தெரியும், ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தைத் திருப்பிக் கண்ணின் ஓரத்தால்தான் பார்க்கவேண்டும். கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் விடலாம். இனி ஒட்டுகிற கதையை விடச் சொல்லுங்கோ என்றார். அதற்கு என்னிடம் சண்டை இல்லை, கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அண்ணன் யன்னல் கரையில் இருந்தார். அச்சுவேலி தாண்டியது.

"அந்தப் பொடியனுக்கு எப்பிடியாம்?" என்று கேட்டார்.

"அவன் ஆரெண்டு தெரியுமே உனக்கு?"

"தெரியும். வாயைத் திறந்து அண்ணை எண்டவுடனை தெரியும். வாள் அடிச்சுத் தரச்சொல்லிக் கேட்டவன் அவன்தானே."

"தெரிஞ்சுகொண்டே அவனுக்குப் புத்தி சொன்னனி?"

"எரிஞ்சுகொண்டிருந்தவன். வேற என்னத்தைச் சொல்ல?" என்றார். "கண் வந்திட்டுதாமோ?"

"ரெண்டும் வந்திட்டுதாம்."

"நல்லது" என்றார்.

எனக்கு அது நல்லதாகப் படவில்லை. இன்றைக்கும் படவில்லை. நான் மூக்கை ஒருதரம் உறிஞ்சினேன். நான் அழுகிறேனோ என்று அண்ணனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்ப்பதற்காக அவர் தன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார்.